தானோட்டிக் கார் தன் சுற்றுப்புறத்தை எப்படிப் புரிந்துகொள்கிறது: உணரி முதல் பிரேக் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

2018 மார்ச் 18 இரவு, அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்து டெம்பி நகரில், ஊபர் நிறுவனம் சோதித்துக்கொண்டிருந்த தானோட்டிக் கார் ஒன்று, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்த ஒரு பெண்ணின் மீது மோதியது. அவர் உயிரிழந்தார். உணரிகள் (சென்சார்கள்) அவரைப் பார்க்கத் தவறவில்லை. மோதலுக்கு 5.6 வினாடிகளுக்கு முன்பே ரேடார் அவரைக் கண்டுகொண்டது என்கிறது அந்நாட்டுத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் அறிக்கை. ஆனால் மென்பொருள் அவரை முதலில் வாகனம் என்றது. பிறகு 'வேறு ஏதோ' என்றது. மறுபடி வாகனம், கடைசியில் சைக்கிள். பெயர் மாறிய ஒவ்வொரு முறையும், அதுவரை சேர்த்துவைத்த நகர்வு வரலாற்றைத் தூக்கி எறிந்தது. ஒருவர் சாலையைக் குறுக்காகக் கடந்துகொண்டிருக்கிறார் என்ற எளிய உண்மை அதன் கணக்கில் உருவாகவே இல்லை. காரில் இருந்த கண்காணிப்பாளர் சாலையைக் கவனிக்காததையே வாரியம் முதன்மைக் காரணமாகச் சொன்னது. இருந்தாலும், மென்பொருள் எழுதுகிறவர்களுக்கு இந்த 5.6 வினாடிகள்தான் பாடம்.

கார் சாலையைப் பார்த்து ஓடுவதில்லை. சாலையைப் பற்றித் தனக்குள் கட்டிவைத்திருக்கும் மாதிரியைப் பார்த்துத்தான் ஓடுகிறது. அந்த மாதிரியை எப்படிக் கட்டுவது, அதன்மேல் பாதுகாப்பாக எப்படித் திட்டமிடுவது என்பதே இந்த வழிகாட்டி. கார்லா போன்ற சிமுலேட்டரில் சொந்தமாக ஒன்றைக் கட்டிப் பார்க்க விரும்புகிறவர்களையும், ஆட்டோவேர், அப்பல்லோ போன்ற திறந்த மூல மென்பொருள்களுக்குள் புகுந்து வழி தெரியாமல் திகைக்கிறவர்களையும் மனத்தில் வைத்து எழுதுகிறேன். எல்லாப் படிகளிலும் ஒரே விதியைத் திரும்பத் திரும்பச் சொல்லப்போகிறேன்: காலி என்று உறுதியாகாத இடம் காலியிடம் அல்ல.

படி 1: கடிகாரத்தையும் இருப்பிடத்தையும் சரிசெய்தல்

பெரும்பாலானோர் கேமராவிலிருந்து தொடங்குவார்கள். கடிகாரத்திலிருந்து தொடங்குங்கள் என்பேன். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் கார் வினாடிக்கு 16.7 மீட்டர் நகர்கிறது. ஒரு படத்தின் நேரமுத்திரை 100 மில்லிவினாடி பிசகினால், அதில் தெரியும் மனிதர் மாதிரிக்குள் 1.67 மீட்டர் தள்ளி நிற்பார். நடைபாதையில் நிற்பவர் சாலையில் நிற்பதாகத் தெரிய அவ்வளவு போதும். லேசர் ஒளியால் தூரத்தை அளக்கும் சுழலும் லைடார் வினாடிக்கு 10 சுற்று சுற்றினால், ஒரே சுற்றின் முதல் புள்ளிக்கும் கடைசிப் புள்ளிக்கும் இடையிலேயே கார் அதே 1.67 மீட்டர் நகர்ந்துவிடுகிறது. எனவே உணரிகள் எல்லாம் ஒரே கடிகாரத்துக்குக் கட்டுப்பட வேண்டும். லைடாரின் ஒவ்வொரு புள்ளியையும் அது பதிவான நேரத்தைக் கொண்டு நகர்வுக்கு ஈடுசெய்து, ஒரே கணத்துக்குக் கொண்டுவர வேண்டும்.

அடுத்தது, கார் எங்கே இருக்கிறது என்ற கேள்வி. சாதாரண ஜிபிஎஸ் சில மீட்டர்கள் பிசகும். உயரமான கட்டடங்களுக்கு நடுவே இன்னும் மோசம். சக்கரச் சுழற்சி, முடுக்கத்தையும் திருப்பத்தையும் அளக்கும் கருவி, லைடார் புள்ளிகளை முன்பே தயாரித்த நுண்வரைபடத்துடன் பொருத்திப் பார்ப்பது ஆகிய மூன்றையும் சேர்த்தால் பிழை சென்டிமீட்டர்களுக்குச் சுருங்கும். திசைப் பிழையைத்தான் பலரும் அலட்சியப்படுத்துகிறார்கள். காரின் திசையில் 1 டிகிரி தவறு இருந்தால், 50 மீட்டர் தொலைவில் எல்லாமே 87 சென்டிமீட்டர் பக்கவாட்டில் நகர்ந்து தெரியும்.

இங்கே ஒரு கைப்பழக்கம் தேவை. தடைகளைச் சேமிக்க வரைபடத்தின் ஆயத்தொலைவுகளைப் பயன்படுத்தாதீர்கள். ஜிபிஎஸ் திருத்தம் வந்து இருப்பிடம் அரை மீட்டர் தாவினால், தடைகள் அத்தனையும் சேர்ந்து தாவும். நின்ற வண்டிகளுக்கெல்லாம் திடீரென்று வேகம் முளைக்கும். தாவாமல் சீராக நகரும், சக்கரச் சுழற்சியை ஒட்டிய உள்ளூர்ச் சட்டகம் (ஆயத்தொலைவு அமைப்பு) ஒன்றைத் தனியே வைத்து, தடைகளை அதில் சேமியுங்கள். சாலை விதிகளும் பாதைக் கோடுகளும் மட்டும் வரைபடச் சட்டகத்திலிருந்து வரட்டும்.

படி 2: ஒவ்வோர் உணரியும் எங்கே பொய் சொல்லும் என்று எழுதிவையுங்கள்

இதை நீட்ட விரும்பவில்லை. உணரிகளைப் பற்றிப் படிக்க ஏராளம் கிடைக்கிறது. லைடார், ஒளி போய்த் திரும்பும் நேரத்தை அளக்கிறது: 100 மீட்டர் தொலைவுக்குப் போய் வர ஏறத்தாழ 667 நானோவினாடி. தூரத்தில் மிகத் துல்லியம்; மழை, மூடுபனி, கண்ணாடி, கரிய பரப்பு ஆகியவற்றில் தடுமாறும். கார்களில் உள்ள ரேடார் பெரும்பாலும் 77 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்குகிறது. டாப்ளர் விளைவால் வேகத்தை நேரடியாக அளக்கும், ஆனால் தன்னை நோக்கியோ விலகியோ செல்லும் வேகத்தை மட்டுமே. சாலையைக் குறுக்காகக் கடப்பவரின் வேகம் அதற்குக் கிட்டத்தட்ட சுழியாகத் தெரியும். கேமராவுக்குத்தான் சிக்னலின் நிறமும் முன்வண்டியின் பிரேக் விளக்கும் தெரியும். தூரம் அதற்கு அளவீடு அல்ல, ஊகம்.

ஓர் உணரி 'ஒன்றும் இல்லை' என்று சொல்வதற்கு இரண்டு பொருள் உண்டு: உண்மையிலேயே இல்லை, அல்லது எனக்குத் தெரியவில்லை. இவ்விரண்டையும் பிரித்துக் காட்டாத எந்த உணரி மென்பொருளையும் அடுத்த படிக்கு அனுப்பாதீர்கள்.

படி 3: கட்ட வரைபடம் கட்டுதல்

இதுதான் அடித்தளம். ஆக்குப்பன்சி கிரிட் எனப்படும் இந்த முறையை 1985இல் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஹான்ஸ் மொராவெக்கும் ஆல்பர்ட்டோ எல்ஃபெஸும் ரோபாட்டுகளுக்காக முன்வைத்தார்கள். காரைச் சுற்றிய தரையைச் சிறு சதுரங்களாகப் பிரிக்கிறோம். 100 மீட்டருக்கு 100 மீட்டர் பரப்பை 20 சென்டிமீட்டர் சதுரங்களாக வெட்டினால் 2,50,000 கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் ஓர் எண் மட்டும்: இங்கே ஏதோ இருப்பதற்கான நிகழ்தகவு. மனிதரா, லாரியா, உடைந்த டயரா என்ற கேள்வியே இங்கு இல்லை. இந்த அறியாமைதான் இதன் பலம். பெயர் தெரியாத பொருளின் மீதும் கார் மோதக் கூடாது அல்லவா?

ஒரு லைடார் கதிர் புறப்பட்டு 30 மீட்டரில் எதன்மீதோ பட்டுத் திரும்புகிறது என்று கொள்வோம். அது கடந்து சென்ற கட்டங்கள் காலியாக இருக்க வாய்ப்பு அதிகம். பட்ட கட்டம் நிரம்பியிருக்க வாய்ப்பு அதிகம். அதற்கு அப்பால் உள்ளவை பற்றி நமக்கு எதுவும் தெரியாது. அந்த மூன்றாவது நிலையை இழந்துவிடாதீர்கள்.

நிகழ்தகவுகளை நேராகப் பெருக்கிக்கொண்டிருந்தால் எண்கள் சிதையும். அதனால் லாக்-ஆட்ஸ் வடிவம்: நிகழ்தகவை அதன் எதிர்நிகழ்தகவால் வகுத்து இயல் மடக்கை எடுப்பது. எதுவும் தெரியாத 0.5 என்ற நிலை இதில் 0 ஆகிறது. புதிய தகவலைச் சேர்ப்பது வெறும் கூட்டல் ஆகிறது. ஒரு 'பட்டது' அளவீட்டுக்கு 0.7 நம்பகம் தந்தால் அதன் மதிப்பு +0.847. மூன்று முறை பட்டால் 2.542, அதாவது 0.93 நிகழ்தகவு. அடுத்து இரண்டு கதிர்கள் அதே கட்டத்தை ஊடுருவிச் சென்று, ஒவ்வொன்றும் நிரம்பியிருப்பதற்கு 0.4 என்று சொன்னால், தலா 0.405 குறைந்து 1.731 ஆகும், நிகழ்தகவு 0.85. அவசரப்பட்டு நம்பிக்கை இழக்காமலும், சான்று வந்தால் மனம் மாறியும் நடந்துகொள்ளும் கணக்கு இது.

நடைமுறையில் இதோடு இரண்டு திருத்தங்கள் வேண்டும். ஒன்று, எண்ணுக்கு உச்சவரம்பு. ஒரு வண்டி சிக்னலில் இரண்டு நிமிடம் நின்றால் அந்தக் கட்டத்தின் மதிப்பு மலைபோல் ஏறிவிடும். வண்டி கிளம்பிய பிறகும் நெடுநேரம் அங்கே ஓர் ஆவி நிற்கும். இரண்டாவது, தேய்மானம். பார்த்து நேரமாகிவிட்ட கட்டத்தின் மதிப்பு மெல்ல 0-ஐ நோக்கி நகர வேண்டும். 0 என்பது 'தெரியாது', 'காலி' அல்ல. பழைய தடைகளை அழிக்கிறேன் என்று அவற்றைக் காலியாக்கிவிடும் நிரல்கள் உண்டு. சோதனை ஓட்டத்தில் அவை அழகாகத்தான் ஓடும்.

தரையைப் பிரித்தெடுப்பது இதில் எரிச்சலூட்டும் வேலை. சரிவில் ஏறும்போது முன்னால் உள்ள சாலையே சுவராகத் தெரியும். மேம்பாலமும் மரக்கிளையும் தடையாகத் தெரியும். உயரத்தையும் சேமித்து, காரின் உயரத்துக்குமேல் இருப்பதை விலக்குங்கள். இப்போது நரம்பு வலைப்பின்னல்கள் (நியூரல் நெட்வொர்க்குகள்) கேமராப் படங்களிலிருந்தே முப்பரிமாணக் கட்டங்களையும், அவற்றின் நகர்வையும் நேரடியாகக் கணிக்கின்றன. சிறப்பாகவே செய்கின்றன. ஆனால் அவை மறைந்த பகுதியைக்கூட நம்பிக்கையோடு நிரப்பிக் கொடுக்கும். எது பார்த்தது, எது ஊகித்தது என்பதற்கு ஒரு தனி அடுக்கு கேளுங்கள்.

படி 4: பொருள்களைப் பின்தொடர்தல்

கட்ட வரைபடத்துக்கு எதிர்காலம் தெரியாது. நகர்வனவற்றுக்குத் தனித்தனிப் பதிவு வேண்டும்: இடம், வேகம், திசை, அளவு, ஒவ்வொன்றிலும் உள்ள ஐயம். கணிப்பையும் அளவீட்டையும் நம்பகத்துக்கேற்பக் கலக்கும், ருடால்ஃப் கால்மன் 1960இல் வெளியிட்ட வடிகட்டி இன்றும் இங்கே உழைக்கிறது. முன்வண்டி 20 மீட்டரில் இருக்கும் என்று நம் கணிப்பு. அதன் ஐயத்தின் அளவை, அதாவது மாறுபாட்டை (variance), 1 என்று கொள்வோம். உணரி 21 மீட்டர் என்கிறது. அதன் மாறுபாடு 0.25. உணரியை நாம் நான்கு மடங்கு அதிகம் நம்புகிறோம். எனவே புதிய மதிப்பு 20.8, புதிய மாறுபாடு 0.2. இரண்டு தகவல்களில் எதையும்விட இப்போது நமக்கு அதிகம் தெரியும்.

எந்த அளவீடு எந்தப் பதிவுக்குச் சொந்தம் என்பதைத் தீர்க்க ஹங்கேரியன் அல்காரிதம் பயன்படும். ஹெரால்டு கூன் 1955இல் வெளியிட்டது. கூட்டமான இடத்தில் இது தவறும். தவறாகப் பொருத்தப்பட்ட இரண்டு பாதசாரிகள் ஒருவர் வேகத்தை மற்றவருக்குக் கொடுத்துவிடுவார்கள்.

டெம்பி விபத்தின் பாடம் இங்கேதான் நிரலாக வேண்டும். பொருளின் வகையை ஒரே பெயராகச் சேமிக்காதீர்கள். 'பாதசாரி 0.4, சைக்கிள் 0.35, தெரியாதது 0.25' என்று பங்கீடாகச் சேமியுங்கள். வகை பற்றிய கருத்து மாறினால் இடமும் வேகமும் கொண்ட பதிவு கலையக் கூடாது. பெயர் தெரியாவிட்டாலும், ஒரு பொருள் இடமிருந்து வலமாக வினாடிக்கு 1.4 மீட்டர் நகர்கிறது என்ற செய்தி பிரேக் பிடிக்கப் போதுமானது.

பதிவை எப்போது அழிப்பது? 2023 அக்டோபர் 2 அன்று சான்பிரான்சிஸ்கோவில், வேறொரு கார் மோதித் தள்ளிய பெண் ஒருவர் க்ரூஸ் நிறுவனத்தின் ஓட்டுநர் இல்லாத காரின் முன் விழுந்தார். கார் அவர்மீது மோதி நின்றது. பிறகு, நடந்ததைப் பக்கவாட்டு மோதல் என்று தவறாகப் புரிந்துகொண்டு, சாலையோரம் ஒதுங்க நகர்ந்தபோது அவரைச் சுமார் 6 மீட்டர் இழுத்துச் சென்றது. உணரிகளின் பார்வைக்குள் இல்லாதவர் உலகத்திலேயே இல்லை என்று ஒரு மாதிரி நினைத்தால் இதுதான் நடக்கும். எனவே விதி: பொருள் இருந்த இடத்தை மீண்டும் பார்த்து, காலி என்று உறுதியான பிறகே பதிவை நீக்கலாம். பார்க்க முடியாத இடமென்றால், ஐயத்தைப் பெருக்கிக்கொண்டே பதிவை வைத்திருங்கள். காரின் அடிப்பகுதி எப்போதும் பார்க்க முடியாத இடம்.

படி 5: மற்றவர்கள் என்ன செய்வார்கள்?

முதல் ஒரு வினாடிக்கு, இப்போதைய வேகத்திலேயே தொடர்வார்கள் என்ற எளிய ஊகத்தை வெல்வது கடினம். அதற்குமேல் நோக்கம் வேண்டும்: சந்திப்பில் நிற்கும் கார் இடப்புறம் திரும்புமா, வலப்புறமா? இங்கே புதியவர்கள் விழும் குழி, சராசரி. இரண்டுக்கும் சம வாய்ப்பு இருக்கும்போது, சராசரிப் பிழையைக் குறைக்கப் பயிற்றுவித்த மாதிரி 'நேராகப் போகும்' என்று பதில் சொல்லும். அந்தக் கார் ஒருநாளும் செய்யப்போகாத ஒரே செயல் அது. எனவே கணிப்பு எப்போதும் பல பாதைகளாகவும், ஒவ்வொன்றுக்கும் ஒரு நிகழ்தகவாகவும் வர வேண்டும்.

குறைந்த நிகழ்தகவு கொண்ட பாதையை வெட்டிவிடும் ஆசை வரும். 3 விழுக்காடு வாய்ப்புள்ள பாதையில் ஒரு மனிதர் இருந்தால் அதை வெட்ட உங்களுக்கு உரிமை இல்லை. விளைவின் கனத்தையும் பெருக்கிப் பார்த்த பிறகே வெட்டுங்கள். கடவை இல்லாத இடத்தில் யாரும் கடக்க மாட்டார்கள் என்று விதிப்புத்தகத்தை நம்பிக் கணிக்கவும் வேண்டாம். டெம்பியில் மென்பொருள் அப்படித்தான் வடிவமைக்கப்பட்டிருந்தது.

படி 6: கண்ணில் படாதவர்களுக்காகத் திட்டமிடுதல்

இந்த வழிகாட்டியிலேயே நான் அதிகம் மதிக்கும் படி இது. நின்றுகொண்டிருக்கும் பஸ்ஸின் பின்னால் என்ன இருக்கிறது என்று எந்த உணரிக்கும் தெரியாது. நல்ல ஓட்டுநர் அங்கே ஒரு குழந்தையைக் கற்பனை செய்துகொள்வார். காரும் அதையே கணக்காகச் செய்ய வேண்டும்: மறைவின் விளிம்பில் ஒரு கற்பனைப் பாதசாரியை நிறுத்துவது.

எண்களைப் போட்டுப் பார்ப்போம். கார் எதிர்வினை காட்ட 0.3 வினாடி, பிரேக்கின் வேகத்தளர்வு வினாடிக்கு வினாடி 6 மீட்டர் என்று கொண்டால், நிற்கத் தேவையான தூரம் மணிக்கு 50 கிலோமீட்டரில் 20.2 மீட்டர், 30இல் 8.3 மீட்டர், 20இல் 4.2 மீட்டர். பஸ்ஸின் விளிம்புக்கும் நம் பாதைக்கும் இடைவெளி 1.5 மீட்டர்; கற்பனைக் குழந்தை வினாடிக்கு 2 மீட்டர் ஓடுகிறது. நம் பாதைக்கு வர 0.75 வினாடி. அந்த நேரத்தில் 50 கிலோமீட்டர் வேகத்தில் கார் 10.4 மீட்டர் போகும். அதாவது குழந்தை வெளிப்படும் கணத்தில் கார் 10.4 மீட்டருக்கும் 20.2 மீட்டருக்கும் இடையே இருந்தால், நிற்கவும் முடியாது, முன்னே கடந்துவிடவும் முடியாது. 30 கிலோமீட்டரில் அந்த ஆபத்துப் பட்டை 6.3இலிருந்து 8.3 மீட்டர் வரை சுருங்குகிறது. 20இல் ஏறத்தாழ மறைந்துவிடுகிறது. இது காரின் மூக்கு கடப்பதை மட்டும் பார்க்கும் கணக்கு. காரின் நீளத்தையும் சேர்த்தால் இன்னும் இறுகும்.

வேகத்தைக் குறைப்பது ஒரு வழி. பக்கவாட்டில் விலகுவது இன்னொன்று. இடைவெளியை 2.5 மீட்டராக்கினால் குழந்தைக்கு 1.25 வினாடி ஆகும். அதே கணக்கில் 30 கிலோமீட்டர் வேகத்திலேயே பட்டை இல்லாமல் போகிறது. இந்த இரண்டையும் திட்டமிடும் பகுதியின் கையில் கொடுங்கள். சூழலுக்கேற்ப அதுவே கலந்துகொள்ளும். எல்லா மறைவுக்கும் ஒரே வேக வரம்பு வைத்தால் கார் எங்கும் போய்ச் சேராது.

படி 7: பாதையைத் தேர்ந்தெடுத்தல்

சாலையின் வளைவை நேராக்கி, 'சாலையோடு எவ்வளவு தூரம், நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு விலகல்' என்று அளக்கும் ஃப்ரெனே சட்டகத்தில் வேலை செய்யுங்கள். அதில் நூற்றுக்கணக்கான மென்மையான வேட்பாளர் பாதைகளை உருவாக்கி, ஒவ்வொன்றுக்கும் விலை போடுங்கள்: குலுக்கல், தாமதம், கோட்டை விட்டு விலகுதல். வாகன நிறுத்துமிடம் போன்ற கோடற்ற வெளியில் ஹைபிரிட் ஏ ஸ்டார் என்ற வழிதேடும் முறை பொருந்தும்; 2007ஆம் ஆண்டு, அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆய்வு அமைப்பான டார்ப்பா தானோட்டிக் கார்களுக்காக நடத்திய நகரப் போட்டியில் ஸ்டான்ஃபோர்டின் 'ஜூனியர்' கார் அதைப் பயன்படுத்தியது.

மோதலை விலையாக வைக்காதீர்கள். விலையென்றால் பேரம் படியும்: போதுமான தாமதம் சேர்ந்தால், கொஞ்சம் ஆபத்து மலிவாகத் தெரியும் ஒரு கணம் வந்தே தீரும். அது மீற முடியாத எல்லையாக இருக்கட்டும். 'தெரியாத' கட்டங்கள் வழியாகச் செல்லும் பாதையும் அப்படியே: அவற்றுக்கு முன் நிற்க முடியும் என்ற நிபந்தனையோடு மட்டுமே அனுமதி.

ஐயம் பெரிதாக இருக்கும்போது கிளைத் திட்டம் உதவும். முதல் ஒரு வினாடி எல்லாச் சாத்தியங்களுக்கும் பொதுவான ஒரே நகர்வு. அதன் பின் எதிரில் உள்ளவர் வழிவிட்டால் ஒரு கிளை, விடாவிட்டால் இன்னொன்று. ஒவ்வொரு சாத்தியத்துக்கும் நின்றுவிடும் திட்டம் போட்டால் கார் சந்திப்பில் உறைந்துபோகும். மிக அதிகம் நடக்கக்கூடியதற்கு மட்டும் போட்டால் மோதும்.

படி 8: தனிக் காவலர்

திட்டமிடும் பகுதி எவ்வளவு அறிவாளியாக இருந்தாலும், அதன் முடிவைச் சரிபார்க்கச் சிறிய, எளிய, தனி நிரல் ஒன்று வேண்டும். கார்களுக்கான ஓட்டுதவித் தொழில்நுட்பம் செய்யும் மொபிலை நிறுவன ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட ஆர்எஸ்எஸ் (Responsibility-Sensitive Safety) விதிகள் இதற்கு நல்ல தொடக்கம். முன்வண்டி முழு வலிமையோடு பிரேக் பிடித்தாலும், நாம் எதிர்வினை நேரம் முழுவதும் வேகம் கூட்டி, பிறகு மிதமாகப் பிரேக் பிடித்தாலும் மோதாத தூரம் எது என்று அது கேட்கிறது. இரண்டு வண்டிகளும் வினாடிக்கு 20 மீட்டரில் செல்கின்றன, எதிர்வினை 0.5 வினாடி, அந்நேரத்தில் நம் முடுக்கம் 2, நம் பிரேக் 4, முன்வண்டியின் பிரேக் 8 (மூன்றும் வினாடிக்கு வினாடி மீட்டரில்) என்று வைத்தால், தேவையான இடைவெளி 40.4 மீட்டர். இந்த எண்களைத் தீர்மானிப்பது பொறியியல் மட்டுமல்ல, துணிச்சல் எவ்வளவு என்ற முடிவும்கூட. ஈரச் சாலையில் அவற்றை மாற்ற மறக்காதீர்கள்.

அதோடு, ஒவ்வொரு கணக்கீட்டுச் சுழற்சியிலும் நிற்பதற்கான பாதை ஒன்று தயாராக, கட்டுப்பாட்டுப் பகுதியிடம் ஏற்கெனவே ஒப்படைக்கப்பட்டு இருக்க வேண்டும். முதன்மைக் கணினி உயிரிழந்தால் அது உடனே ஓட வேண்டும்; அந்தக் கணத்தில் யோசிக்க ஆள் இருக்காது.

கேமராவிலிருந்து ஸ்டீரிங் வரை ஒரே நரம்பு வலைப்பின்னல் என்ற எண்ணம் புதியதல்ல. கார்னெகி மெலனின் ஆல்வின் என்ற நரம்பு வலைப்பின்னல் 1989லேயே அதைச் செய்துகாட்டியது. இன்றைய வடிவங்கள் வியப்பூட்டுகின்றன. இருந்தும் அவற்றுக்கும் இந்தக் காவலர் தேவை என்பதே என் கருத்து, ஏனெனில் காவலரைத்தான் வரிக்கு வரி படித்துச் சரிபார்க்க முடியும்.

படி 9: உடைத்துப் பார்த்தல்

பதிவான ஓட்டங்களை மறுபடி ஓட்டிச் சோதிப்பது பயனுள்ளது. ஆனால் அதில் மற்ற வண்டிகள் உங்கள் காரைக் கண்டுகொள்ளாது. நீங்கள் பிரேக் பிடித்தாலும் பின்வண்டி பழைய பதிவின்படியே வந்து இடிக்கும். திட்டமிடலைச் சோதிக்க, மற்றவர்களும் எதிர்வினை காட்டும் சிமுலேட்டர் வேண்டும்.

நான் முதலில் செய்யச் சொல்லும் சோதனை மிக எளிது. நேரான, காலியான சாலையில் காரை ஓடவிட்டு, லைடாரின் பார்வை எல்லையை 100 மீட்டரிலிருந்து 60, 30, 15 என்று குறைத்துக்கொண்டே வாருங்கள். முன்னால் எந்தத் தடையும் வைக்க வேண்டாம். ஒவ்வொரு குறைப்புக்கும் காரின் வேகம் தானாகக் குறைந்து, பார்வை எல்லைக்குள் நிற்கக்கூடிய அளவுக்கு வர வேண்டும். குறையவில்லை என்றால், எங்கோ ஒரு வரியில் 'தெரியாது' என்பது 'காலி' ஆகிக்கொண்டிருக்கிறது. படி 3இன் தேய்மானத்திலிருந்து தேடத் தொடங்குங்கள்.